பன்னிரண்டு அடி

காலையில் யாரோ அவசரத்தில் போட்டிருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. அப்பாவின் கால் பெருவிரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. தமிழ்மொழி அவருடைய பழைய வேட்டி ஒன்றை எடுத்து, அதன் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா இளவரசன் அந்தப் பேச்சை எடுத்தார்.

"பீடி குடிச்சவனுக்குப் பீடிக் கட்டு வைக்கிறோம். வெத்தல போட்டவனுக்கு வெத்தலப் பொட்டி வைக்கிறோம். அண்ணன் ஒண்ணையும் தொட்டதில்ல. துப்பாக்கியத்தான் தொட்டுச்சு. அதையே குழியில கூட வச்சுடுவோம்."

"எந்தத் துப்பாக்கிய?" என்று அம்மா ரெங்கம்மாள் கேட்டாள். அழுது அழுது அவள் குரல் பாதிதான் வந்தது.

"கண்ணாடி மாட்டுனதுதான் அண்ணி. அதுலதான அவருக்கு உசுரு."

தமிழ்மொழியின் கையில் துணி கிழிவது நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழித்த வரைக்கும் போதும் என்று எடுத்து, விரல்களைச் சேர்த்து இரண்டு முடிச்சாகப் போட்டாள். அப்பாவின் கால் இத்தனை சில்லிட்டிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்தக் காலை அவள் தொட்டே பதின்மூன்று வருஷம் ஆகிறது.

துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். அரியமுத்து பலூன் சுடுகிற கடைக்காரர். ஜெயங்கொண்டத்தைச் சுற்றி எந்த ஊரில் தேர் ஓடினாலும், தீ மிதித்தாலும், மாதா கோயிலில் கொடியேறினாலும், ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நடுவில் அவர் கடை இருக்கும். நீலத் துணி போர்த்திய பலகையில் வரிசை வரிசையாகப் பலூன். எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. கம்புக்கு இந்தப் பக்கம் நின்று காற்றுத் துப்பாக்கியால் சுடவேண்டும். மீசை முளைக்காதவனிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் வரைக்கும், அந்தக் கம்பில் முழங்கையை ஊன்றியதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெரிய வேட்டைக்காரன் ஆகிவிடுவார்கள்.

ஆனாலும் முக்கால்வாசிப் பேருக்குக் குறி தப்பும். தப்பத்தான் வேண்டும், அதுதான் தொழில். குழலின் நுனியில் குறி பார்க்க ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அரியமுத்து அதை இடுக்கியால் பிடித்து நூலளவு வளைத்து வைத்திருப்பார். எவ்வளவு நேராகக் குறி பார்க்கிறார்களோ அவ்வளவு கோணலாகக் குண்டு போகும். "இது என்னங்க ஏமாத்து?" என்று யாராவது சண்டைக்கு வந்தால் அவருக்குக் கோபமே வராது. "நெஞ்சில தைரியம் பத்தல தம்பி, கை நடுங்குது" என்பார். கூட்டம் சிரிக்கும், சண்டைக்கு வந்தவனும் சிரித்துவிடுவான். இந்த வித்தையெல்லாம் மகளுக்கும் தெரியும். பத்து வயதில் இடுக்கியை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

கண்ணாடி மாட்டிய துப்பாக்கி அந்தக் கணக்கில் சேராது. அது தமிழ்மொழிக்காக வந்தது. குன்னம் பக்கத்துச் சோளக்காட்டில் முயலும் கவுதாரியும் சுட்டுக்கொண்டிருந்த ஒருவன், ஒருமுறை வனத்துறையிடம் மாட்டிக்கொண்டு, இந்தச் சனியனே வேண்டாம் என்று தூரப் போடப் பார்த்ததை அரியமுத்து கேட்டு வாங்கி வந்தார். குழல் நீளமான துப்பாக்கி. அதற்கென்று குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய், ஸ்கோப் என்பார்களே அது, தனியாக, துணியில் சுற்றி. அப்போது அவள் பத்தாம் வகுப்பு. பெரம்பலூரில் ஒரு கிளப் நடத்தும் போட்டியில், சொந்தத் துப்பாக்கி கொண்டுவருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வெளியூர் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால்கூடப் பலூனை உடைப்பவள் அவள். ஊரே அப்படித்தான் சொன்னது.

கொல்லையில் இரண்டு நாள் உட்கார்ந்து அவர் அந்த ஸ்கோப்பைப் பொருத்தினார். தவிட்டு மூட்டை இரண்டை அடுக்கி, அதன்மேல் துப்பாக்கியை அசையாமல் படுக்கவைத்தார். உள்ளே தெரிந்த கூட்டல் குறியைப் பலகையில் அடித்த சோடா மூடிக்கு நேராக வைத்துச் சுட்டால், குண்டு நாலு விரல் கீழே போனது. மேலே உள்ள திருகாணியை எட்டணாக் காசால் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எங்கே போகும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மகளைக் கேட்டிருக்கலாம். கேட்காமல், அரைப் பெட்டி குண்டைத் தீர்த்துத் தானே கண்டுபிடித்தார். திருகாணி முடிகிற மட்டும் திருப்பியும் போதவில்லை என்று, கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி இரண்டு தகடு செய்து, ஸ்கோப்பின் பின்பக்கப் பிடிக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். கடைசியில் குண்டு மூடியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. திரும்பத் திரும்ப அங்கேயே போனது. அசைந்துவிடக் கூடாதென்று மகளின் நகப்பூச்சை வாங்கி, திருகாணிகளின் தலையில் சிவப்பாகப் பொட்டு வைத்தார்.

"இதத் தொடாத பாப்பா. நேரா வச்சிருக்கேன்" என்றார்.

போட்டியில் அவள் சுட்ட பத்தும் வெள்ளையில் போனது. கறுப்பு வட்டத்துக்கு நாலு விரல் மேலே, அட்டையின் ஓரத்தில், பத்துக் குண்டும் சேர்ந்து ஒரே ஓட்டை. மார்க் பூஜ்யம். கூட வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவளுக்கு இடுக்கி ஞாபகம் வந்தது. கை நடுங்கினால் குண்டு சிதறும். ஒரே பக்கம் ஒரே அளவு விலகிப் போகிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். போட்டிக்கு முந்தின வாரம் டீக்கடையில் அவர், "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் தனியா வுடறதுக்கு மனசே வரமாட்டேங்குது" என்று சொன்னதையும் அவள் காதால் கேட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அவர் காலடியில் போட்டாள்.

"நீதான் வளைச்ச."

"இல்ல பாப்பா. உன் மேல சத்தியமா நேராத்தான் வச்சேன்."

"ஊருக்கெல்லாம் வளைக்கிற. எனக்கு மட்டும் நேரா வைப்பியா?"

அரியமுத்து குனிந்து துப்பாக்கியை எடுத்து, திருகாணிகளின் சிவப்புப் பொட்டைத் தடவிப் பார்த்தார். 

அதோடு சரி. அவள் படித்தாள், பரீட்சை எழுதினாள், குன்னம் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆனாள், அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள். பொங்கலுக்கு வருவாள். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் உட்கார்ந்து அம்மா வழியாகப் பேசிக்கொள்வார்கள். "பஸ் எத்தன மணிக்குன்னு கேளு." "அஞ்சு மணிக்குன்னு சொல்லு." நடுவில் ரெங்கம்மாள் தபால்காரி. நேற்றுச் சாயங்காலம் அம்மா போன் செய்தபோதுகூட, பின்னால் அவர் குரல் கேட்டது. "சாப்ட்டுச்சான்னு கேளு." வேலை இருக்கிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

இன்று அதிகாலை, தா.பழூர் பக்கம் ஒரு திருவிழாவுக்குக் கிளம்ப எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்ன மொழி, வச்சுடலாமில்ல?" என்று சித்தப்பா இப்போது அவளிடமே கேட்டார். அண்ணனோடு முப்பது வருஷம் கடை போட்டவர். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "நாலு மணிக்கு எடுக்கறோம். அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு."

அவள் பதில் சொல்வதற்குள் அம்மா பேசினாள்.

"அது போறப்ப போவட்டும். அத வச்சுக்கிட்டு அந்த மனுஷன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"என்ன பாடு?" என்றாள் தமிழ்மொழி.

"நீ போட்டிக்குப் போயிட்டு வந்து கத்துனியே, அதுக்கு மறுநா. நீ பள்ளிக்கூடம் போனதும் கொல்லைல பலகைய வச்சாரு. பெட்டிக் குண்டும் தீர்ற மட்டும் சுட்டாரு. ஒண்ணு தப்பல. ‘அடிக்குதே ரெங்கம்மா, இங்க அடிக்கிறது அங்க ஏன் அடிக்கல’ன்னு என்னையப் போட்டுக் கேக்கறாரு. எனக்கு என்ன தெரியும்? அதுக்கப்புறம் எந்தத் திருவிழாவுக்குக் கட தூக்குனாலும் மொத நா சாயங்காலம் அந்தத் துப்பாக்கிய எடுத்து ஒரு தடவ சுட்டுப் பாத்துட்டுத்தான் கட்டுவாரு. நேத்தும் பாத்தாரு."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேம்மா."

"எங்க சொல்ல வுட்ட? அவரு பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவ."

உண்மைதான். எழுந்துபோய்விடுவாள். இப்போது எழுந்துபோக முடியவில்லை. பதின்மூன்று வருஷமாக அவள் ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் மூன்று மணி நேரத்தில் அந்தத் துப்பாக்கி மண்ணுக்குள் போய்விடும். அவர் வளைத்தாரா வளைக்கவில்லையா என்பதை அதற்குமேல் சொல்வதற்கு இந்த உலகத்தில் ஆளும் இல்லை, பொருளும் இல்லை.

மூன்று மணி வாக்கில் ஆண்கள் அவரைக் குளிப்பாட்டத் தூக்கினார்கள். வாசலில் பறை உச்சத்தில் இருந்தது. பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்மொழி யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போனாள்.

பலகை அங்கேதான் இருந்தது, வேப்பமரத்தில் சாய்த்தபடி. இன்றைக்கு வண்டியில் ஏறியிருக்கவேண்டியது. அதில் மூன்று பலூன்கள் கட்டியிருந்தன, சுட்டுப் பார்க்கக் கட்டியதில் மிச்சம். சாத்துக்குடி அளவு, சிவப்பும் பச்சையும் மஞ்சளும். நேற்றுக் கட்டியது, அதனால் கொஞ்சம் தொய்ந்து போயிருந்தன. பலகையின் காலிலிருந்து மண்ணில் ஒரு கயிறு நீண்டு கிடந்தது. அதன் இரண்டு முனையிலும் முடிச்சு. எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கயிற்றை விரித்துத்தான் கம்பு நடுவார். ஒரு முடிச்சு பலகைக்கு, மறு முடிச்சு கம்புக்கு, நடுவில் பன்னிரண்டு அடி.

துப்பாக்கி கோணிப்பையில் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். திருகாணிகளின் தலையில் நகப்பூச்சு அப்படியே இருந்தது. அவள் பத்தாம் வகுப்பில் பூசிக்கொண்ட அதே மலிவுச் சிவப்பு, ஒரு கீறல் இல்லாமல்.

அவள் குழலை மடக்கிக் குண்டைப் போட்டாள். கை மறக்கவில்லை. கயிற்றின் முடிச்சில் கால் வைத்து நின்று, தோளில் அணைத்து, ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இவ்வளவு பக்கத்தில் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. சிவப்பு மட்டும் தெரிந்தது. கூட்டல் குறியை அதன் நடுவில் வைத்து அழுத்தினாள்.

பலூன் வெடித்தது. பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வளைக்கவில்லை என்பது முதலில் புரிந்தது. அடுத்த நொடிதான், அந்தப் பலூனை யார் ஊதியது என்பது உறைத்தது. பம்பு இருந்தாலும் வாயால்தான் ஊதுவார். டாக்டர் சொல்லியும் கேட்டதில்லை. தமிழ்மொழி துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றாள். 

ஆனால் அந்த அட்டை? அந்த ஒரே ஓட்டை? அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாளே.

அவள் திரும்பிப் பார்த்தாள். கொல்லை நீளமானது. வேலி வரைக்கும் வெறும் மண். போட்டியில் பத்து மீட்டர். வெள்ளைக்கோட்டிலிருந்து அட்டை வரைக்கும் பதினாறு எட்டு என்று அன்று எண்ணியதை அவள் மறக்கவில்லை. பலகையிலிருந்து எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். பதினாறில் அடிபம்பு வந்துவிட்டது.

இன்னொன்றை உடைக்க மனம் வரவில்லை. ஆனால் தெரிந்தே ஆகவேண்டும். ஓரத்தில் இருந்த மஞ்சளின் நடுவில் குறியை வைத்தாள். இங்கிருந்து பார்க்கத் தெளிவாக இருந்தது, வாய்ப்பக்கத்து நூல்முடிச்சுகூடத் தெரிந்தது. மூச்சைப் பிடித்து அழுத்தினாள்.

மஞ்சள் பலூன் ஆடக்கூட இல்லை.

மறுபடி சுட்டாள். மறுபடியும். மஞ்சள் அப்படியே இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். பலூனின் நடுவிலிருந்து நாலு விரல் மேலே, நீலத் துணியில் மூன்று குண்டும் சேர்ந்து ஒரே ஓட்டை.

அவள் அந்த ஓட்டையில் விரலை வைத்தாள். பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தாள். குழல் கீழே, ஸ்கோப் இரண்டு விரற்கடை மேலே, பின்பக்கம் டின் தகடு முட்டுக் கொடுத்து முன்பக்கம் தலை குனிந்தபடி. கண் மேலேயிருந்து இறங்குகிறது, குண்டு கீழேயிருந்து ஏறுகிறது. இரண்டும் பன்னிரண்டு அடியில் சரியாகச் சந்திக்கின்றன. அதற்கு அப்பால் குண்டு மேலே ஏறிக்கொண்டேதான் போகும். அத்தனை பாடுபட்டு, அத்தனை நேராக, அவர் தன் கயிற்றின் முடிச்சுக்கு வைத்திருக்கிறார். போட்டியில் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியிருக்காது. அவளும் சொல்லவில்லை.

"மொழி! வாய்க்கரிசி போடக் கூப்புடறாங்க!" அம்மாவின் குரல் கேட்டது.

வாசலில் அவருக்குப் புது வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பாடையில் படுக்கவைத்திருந்தார்கள். தமிழ்மொழி துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்தாள். இளவரசன் எதிரே வந்து வாங்கிக்கொண்டார்.

"சித்தப்பா, இது நேராத்தான் இருக்கு" என்றாள். "பன்னெண்டு அடிக்கு நேரா இருக்கு."

அவருக்கு அதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை. "பன்னெண்டு அடிக்குத்தானம்மா வைப்போம்? வேற எதுக்கு வைப்பாங்க?" என்றார்.

அவள் முறத்திலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு காலடியில் நின்றாள். அங்கிருந்தே கையை நீட்டினாள், எட்டவில்லை.

"கிட்டப் போம்மா" என்றார் யாரோ.

ஓரடி போனாள்.

"இன்னுங் கொஞ்சம் கிட்ட. அப்பாதான."

அவள் பாடையின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து அவர் வாயில் அரிசியைப் போட்டாள். விரல் அவர் உதட்டில் பட்டது. "சாப்ட்டேம்ப்பா" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அதைக் கேட்டு, பிள்ளை துக்கத்தில் என்னவோ உளறுகிறது என்று அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

இளவரசன் துப்பாக்கியை அண்ணனின் வலது பக்கம் படுக்கவைத்தார். குழல் கால்பக்கம் இருக்கும்படி, தோளோடு அணைத்து. தமிழ்மொழி கொல்லைக்கு ஓடிப்போய்க் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து அதையும் வைத்தாள். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். முனையில் நின்று, பறைச் சத்தம் ஏரிக்கரை திரும்பிக் குறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரெங்கம்மாளுக்குக் கை சும்மா இருக்க முடியாது. கொல்லையைக் கூட்டிக்கொண்டே பலகை வரைக்கும் போனாள்.

"இத மடக்கி வச்சுடறேன். பலூன் ரெண்டு கெடக்கு. அவுத்துப் போட்டுடவா?"

"இருக்கட்டும்மா" என்றாள் தமிழ்மொழி அடிபம்பில் நின்றபடி.

ரெங்கம்மாள் ஒரு நொடி மகளைப் பார்த்தாள். பிறகு பலகையை விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டினாள். பச்சை பலூன் ராத்திரியிலேயே முழுசாகச் சுருங்கி, தோலாகத் தொங்கியது. மஞ்சள் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. வேப்பமரத்துக் காற்றுக்கு லேசாக அசைந்தது. அதன் வாயில் போட்டிருந்த நூல்முடிச்சு இறுக்கமாகவே இருந்தது.